விழைவுந்தின் மேல் ஒரு புகார்

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையும் வண்டி குறுக்குச்சாலையில் திரும்பிவிட்டது. கோவில்பட்டிக்கு நேரே போக வேண்டிய சாலையை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், கடல் பக்கம் போகும் சின்னச் சாலையில் இறங்கியது. பூரணி "கோவில்பட்டி, கோவில்பட்டி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு இருக்கையில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் உப்பளம் வந்தது. வண்டி வரப்போரமாக நின்று கண்ணாடிகளைத் தானே இறக்கிக்கொண்டது. வெள்ளைக் குவியல்களுக்கு மேல் வெயில் அசைந்துகொண்டிருந்தது. காற்று முகத்தில் உப்பாகப் படிந்தது. இதைவிடச் சுகமான இடம் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். அவளுக்குக் கோபமே அந்தத் தூக்கத்தின் மேல்தான்.

கண் விழித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வண்டி கோளாறுப்பா. அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்."

"சரிம்மா, பத்திரம்" என்றார் கோமதிநாயகம். ஐந்து வாரமாக அவரும் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் வண்டி விழைவுந்து வகை. அதில் ஸ்டீயரிங் கிடையாது. இருக்கையின் தலைப்பகுதியில் விழைமானி என்று ஒரு மெல்லிய பட்டை இருக்கும். பிடரி அதில் பட்டதும், உட்கார்ந்திருப்பவர் எங்கே போக விரும்புகிறார் என்று அது அளந்துவிடும். இரண்டு மூன்று பேர் ஏறினால் யாருடைய விருப்பம் வலுவோ அந்தப் பக்கம் போகும். வாயால் சொல்வது அதற்கு ஒரு துப்பு, அவ்வளவுதான். சம்பளத்தை நினைத்துக் கிளம்புகிறவர்களை ஆபீஸில் ஒழுங்காக இறக்கிவிட்டது. வீட்டார் நச்சரிப்புக்காகப் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளைகளைப் பரோட்டாக் கடை வாசலில் இறக்கிவிட்டது.

பூரணி தூத்துக்குடியில் பல் மருத்துவர். விழைவுந்து வந்த பிறகு அவளுடைய தொழில் பாதி படுத்துவிட்டது. பல்லைக் காட்டக் கிளம்பும் எவரையும் எந்த வண்டியும் அவளிடம் கொண்டுவந்து சேர்த்ததில்லை. வலி உயிர் போனால்தான் உண்டு. "வண்டி கோளாறு டாக்டர்" என்று அவர்கள் போனில் இழுக்கும்போது, நர்ஸும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பாள். தனக்கென்று வந்தபோது சிரிப்பு வரவில்லை.

வாரா வாரம் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித்தான் அந்த வண்டியை வாங்கினாள். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினால் வண்டி சொல்வதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை புகார் எழுதினாள். 'வண்டி விவரிப்பில் சொன்னபடி இல்லை. எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும்.' உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது பணம் இல்லை. வண்டியில் கோளாறு என்று கம்பெனி முத்திரையோடு ஒரு தாள் வேண்டும். அது கையில் இருந்தால், பெற்ற தகப்பனைப் பார்க்க விரும்பாத மகள் அவள் இல்லை என்று ஆகிவிடும்.

புதன்கிழமை மதியம் கம்பெனியிலிருந்து பரிசோதகர் வந்தார். லெஸ்லி பர்னாந்து என்று பெயர். ஐம்பது வயது, கொஞ்சம் தொப்பை, யாரையும் நோகடிக்காத குரல்.

"விவரிப்புல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சீங்களா மேடம்?"

"'போக விரும்பும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும்.' எனக்கு மனப்பாடமே ஆயிட்டு."

"சொல்லும் இடம்னு போடல. விரும்பும் இடம்னு போட்டிருக்கு."

"எங்கப்பாவப் பாக்க நான் விரும்பலன்னு சொல்லுதீங்களா சார்?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல மேடம்" என்று லெஸ்லி அவசரமாக வண்டியில் ஏறிக்கொண்டார். "வாங்க, போய்ப் பாத்துருவோம்."

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. வழியெல்லாம் மதிய வெயில், உடைமரம், தூரத்தில் காற்றாலைகள். பூரணிக்குக் கண் சொக்கியது. குறுக்குச்சாலை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி திரும்பவில்லை. எட்டயபுரம் தாண்டி கோவில்பட்டிக்குள் நுழைந்து, நேராக ஒரு கடலை மிட்டாய்க் கடை வாசலில் போய் நின்றது.

லெஸ்லியின் முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்காரி சொல்லி அனுப்பிச்சா மேடம். வாங்காமப் போனா சோறு கிடைக்காது."

ஆக, வண்டிக்குக் கோவில்பட்டி தெரியும். ஒரு மனுஷன் மிட்டாய்க்கு ஏங்குகிற அளவுகூட அவள் அப்பாவுக்கு ஏங்கவில்லை. இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வரும்வரை பூரணி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கிருந்து மூன்றாவது தெருதான் வீடு. சீக்கிரம் வேலையை முடிக்க வேண்டும் என்ற லெஸ்லியின் ஆசை வண்டியை அங்கே கொண்டு நிறுத்தியது. கோமதிநாயகம் கதவைத் திறந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"வா. எப்ப கெளம்பணும்?"

முப்பது வருஷமாக, பள்ளி விடுதியிலிருந்து லீவுக்கு வந்த நாள் தொட்டு, இந்த ஒரே கேள்வி. வந்த காலோடு போகச் சொல்கிறார் என்றே அவளுக்குக் கேட்கும். அதன் பிறகு சாப்பிட்டியா என்பார், மழை உண்டா என்பார். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. டிவி மட்டும் கத்திக்கொண்டிருக்கும். தைலம் மணக்கும். அந்த அறையில் அவளுக்கு மூச்சு முட்டும்.

"இப்பவே கெளம்பணும்ப்பா" என்றாள் வெடுக்கென்று.

லெஸ்லி குறுக்கே வந்தார். "ஐயா, ஒரு சின்னப் பரிசோதனை. நீங்க மட்டும் வண்டியில உக்காந்து, எங்கயாவது போகணும்னு சொல்லுங்க."

கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பிடரியைப் பட்டையில் சாய்த்தார். "செண்பகவல்லியம்மன் கோயிலுக்குப் போப்பா" என்று வண்டியிடம் மரியாதையாகச் சொன்னார். அவர் தினமும் போகும் கோயில்.

வண்டி அசையவில்லை.

வண்டி ஜன்னலோரம் நின்றிருந்த பூரணி துள்ளிவிட்டாள். "பாத்தீங்களா சார்! பாத்தீங்களா! கோளாறுதான்!" ஐந்து வாரப் பாரம் இறங்கியதில் அவளுக்குக் கண்ணே கலங்கியது.

லெஸ்லி திரையைக் குனிந்து பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார். 'விருப்பம்: முழு அளவு. நிலை: வந்து சேர்ந்தாயிற்று' என்று காட்டியது.

"வீட்டு வாசல விட்டுப் போக மனசில்ல, அதான்" என்றாள் பூரணி. சொன்ன பிறகுதான், அப்படியானால் அது கோளாறு இல்லையே என்று உறைத்தது.

"அப்படியும் இருக்கலாம். நீங்க கொஞ்சம் தெருமுனை வரைக்கும் நடங்க மேடம்."

அவள் நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் டயர் மணலை நெரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால், வண்டி கன்றுக்குட்டி மாதிரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். வண்டி வளைந்து வந்து அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. திரையில் மறுபடியும் அதே வரி.

"ஏம்மா வெயில்ல நடக்க?" என்று உள்ளிருந்து அப்பா கேட்டார். "கோயிலுக்குல்லா போகச் சொன்னேன்."

லெஸ்லி ஓடிவந்து மூச்சு வாங்கினார். அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இடம்னா ஆளாவும் இருக்கலாம் போல மேடம். நானே இப்பதான் பாக்குதேன். உங்களுக்கு வேணும்னா கோளாறுன்னே எழுதித் தாரேன். கம்பெனி கேள்வி கேக்காது. ஆனா கோளாறுன்னா ரெண்டு பேருக்கும் கோளாறுதான். உங்க விஷயத்துல தப்பு, அவரு விஷயத்துல சரின்னு எழுத படிவத்துல இடம் இல்ல."

பூரணி வண்டியைப் பார்த்தாள். அப்பா ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனசு வெளியே தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷக் கேள்விக்கும் அர்த்தம் மாறிப்போனது. எத்தனை நேரம் இருப்பாய் என்பதைத்தான் அந்த மனுஷன் அப்படிக் கேட்டிருக்கிறார். அதை நம்ப வேண்டுமானால், ஐந்து ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தையும் நம்பியாக வேண்டும். வேறு வழியே இல்லை.

"கோளாறு இல்லன்னு எழுதுங்க" என்றாள்.

'வண்டியில் கோளாறு இல்லை; விவரிப்பில் சொன்னபடியே உள்ளது. பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' லெஸ்லி எழுதிய இடத்துக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்து, "என்ன தாளும்மா?" என்று வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்ததும் நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"அப்ப வாற ஞாயித்துக்கிழமை என்னம்மா சொல்லுவ?"