பிணம் குரைக்கிறது!

'ட்ரிங்... ட்ரிங்...!'

கால்நடை டாக்டர் ஒரு பூனையின் வாய்க்குள் மாத்திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பூனை அவர் விரலை மென்றுகொண்டிருந்தது.

தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கினார்.

"ஹலோ..."

மறுமுனையில் ஓர் அலறல்!

"டாக்டர்...! என் பிள்ளையைக் கொன்னுட்டீங்களே!"



"யா... யாரும்மா பேசறது?"

"பொமரேனியனோட அம்மா!"

பின்னணியில் 'வள்... வள்...!'

"அம்மா... பின்னாடி குரைக்கிறது யாரு?"

"அவன்தான்!"

"அப்ப செத்தது?"

"அதுவும் அவன்தான்! உங்க க்ளினிக்ல இருந்துதானே மெசேஜ் வந்திருக்கு! படிக்கிறேன் கேளுங்க... 'வருந்துகிறோம். உங்கள் செல்லம் இன்று காலமாகிவிட்டது. மரண அறிக்கையைப் பார்க்க இங்கே அழுத்தவும்.'"

"அழுத்தினீங்களா?"

"அழுதுக்கிட்டே அழுத்தினேன்! அதுல இருந்து என் போன் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது!"

டாக்டர் ரிசீவரை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி 'ட்ரிங்...!'

வாசலில் வண்டிகள் கிறீச்சிட்டன. திபுதிபுவென்று ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். கிளிக்கூண்டோடு ஒருவர். முயலை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்மணி. ஒரு பெரியவர் ஆமையை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர், இது போயிடுச்சா இல்லையா? உங்க மெசேஜ் வந்ததுல இருந்து அசையவே இல்ல."

"அதுக்கு முன்னாடி அசைஞ்சுதா?"

பெரியவர் யோசித்தார்.

"அதையும் சரியா சொல்ல முடியல."

அப்போதுதான் ரிசப்ஷன் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டாக்டர்! கம்ப்யூட்டர் தானா மெசேஜ் அனுப்புது! சத்தியமா நான் கையே வைக்கல!"

"இருக்கவே முடியாதும்மா! நாமதான் ஆன்ட்டி வைரஸ் போட்டிருக்கோமே! மூலையில பச்சை டிக் எரியுதான்னு பாரு!"

"எரியுது டாக்டர். மெசேஜும் போகுது!"

டாக்டருக்குக் கைகால் ஓடவில்லை. மனைவியின் தங்கைக்கு போன் போட்டார்.

அவள் சைபர் க்ரைம் இன்ஸ்பெக்டர்!

ஜீப் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி. விறைப்பான சட்டை. உள்ளே நுழைந்த வேகத்தில் கம்ப்யூட்டரின் நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

மெசேஜ் நின்றது.

"இந்த சீட்டுல யார் உட்காருவாங்க?"

"நான்தான் மேடம்..." ரிசப்ஷன் பெண் கையைத் தூக்கினாள்.

"அப்ப நீதான்! ஸ்டேஷனுக்குக் கிளம்பு!"

அவள் பொலபொலவென்று அழுதாள். டாக்டர் குறுக்கே வந்தார்.

"அவளை விட்டுடும்மா! ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காத பொண்ணு!"

"மிருகத்தை நீங்க பாருங்க மாமா. மனுஷங்களை நான் பார்த்துக்கறேன்!"

மௌஸ் பரபரத்தது. திரையில் ஒரு பட்டியல் விரிந்தது.

"ட்ரோஜன்! நல்ல பிள்ளை மாதிரி வேஷம் போட்டு உள்ள வந்து, திருட்டுக் கும்பலுக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிடற ஜாதி!"

"அந்த ஆன்ட்டி வைரஸ் தூங்கிட்டிருந்துச்சா?"

"இல்ல மாமா. தொண்டை கிழியக் கத்தியிருக்கு! 'ஆபத்து, திறக்காதே'ன்னு! யாரோ அதை ஆஃப் பண்ணிட்டுத் திறந்திருக்காங்க... திங்கட்கிழமை!"

ரிசப்ஷன் பெண் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை நான் லீவு மேடம்! பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன்!"

'ஆ'வென்று வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.



எல்லாப் பார்வையும் டாக்டர் பக்கம் திரும்பியது. பூனை உட்பட.

"அது... ரொம்பக் கத்துச்சு. கத்தறதுக்கு வாயைக் கட்டறது என் தொழிலாச்சே... கட்டிட்டேன்."

"மாமா...!"

"அப்புறம் மறுபடி ஆன் பண்ணிட்டேன்மா! அதுதான் பச்சை டிக் வந்துடுச்சே!"

"தடுப்பூசி போட்டாச்சுன்னு நாயைக் குப்பைமேட்டுல மேய விடுவீங்களா?"

"சேச்சே! விடுவாங்களா?"

"இதுவும் அப்படித்தான்! நேத்துப் பொறந்த வைரஸை அதுக்கு அடையாளமே தெரியாது. அப்டேட் பண்ணணும். முக்கியமானதை எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்து வைக்கணும். கண்ட ஃபைலையும் திறக்கக் கூடாது. அதை எல்லாம் பச்சை டிக் பண்ணாது மாமா, நீங்கதான் பண்ணணும்!"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ரிசப்ஷன் பெண்ணிடம் திரும்பினார்.

"மன்னிச்சுடும்மா. தப்பு என் மேல."

"பரவாயில்ல டாக்டர். அந்த ஆமைக்காரரை மட்டும் நீங்களே பாருங்க."

இன்ஸ்பெக்டர் விடுவதாக இல்லை.

"முன்பின் தெரியாத ஆள் அனுப்பின ஃபைலை எப்படித் திறந்தீங்க?"

"தெரிஞ்ச ஆள்தான்மா."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மின்னின.

"யாரு? பேரைச் சொல்லுங்க! இப்பவே விலங்கு மாட்டறேன்!"

"வேண்டாம்மா... குடும்ப விஷயம்..."

"சொந்தக்காரனா இருந்தாலும் விட மாட்டேன்! சொல்லுங்க!"

டாக்டர் பெருமூச்சு விட்டார். தன் செல்போனில் அந்த மெயிலைத் திறந்து, அவள் பக்கம் திருப்பினார்.

'மாமா, அவசரம். இது பாதுகாப்பு ஃபைல். உடனே திறக்கவும். ஆன்ட்டி வைரஸ் கத்தினால் ஆஃப் செய்யவும்.'

அனுப்பியவர்...

சைபர் க்ரைம் இன்ஸ்பெக்டர்!

"போலீஸே சொல்லும்போது நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?"

கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிவரை சறுக்கியது.

"நா... நான் இதை அனுப்பவே இல்லையே!"

அவளுடைய செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் கான்ஸ்டபிளின் குரல்.

"மேடம்! உங்க கம்ப்யூட்டர்ல இருந்து ஊருக்கே மெயில் போயிட்டிருக்கு! கமிஷனருக்கும் போயிருக்கு!"

"அவர் திறந்துட்டாரா?"

"திறந்துட்டு, 'சபாஷ், நல்ல நடவடிக்கை'ன்னு பதிலும் போட்டிருக்கார் மேடம்!"

இன்ஸ்பெக்டர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். டாக்டர் அவளுக்குத் தண்ணீர் நீட்டினார்.

"ஏம்மா, நீ எதையாவது திறந்தியா?"

"'பதவி உயர்வுப் பட்டியல்'னு ஒண்ணு வந்துச்சு மாமா... ஆசையில..."

"உன் ஆன்ட்டி வைரஸ் கத்தலையா?"

"கத்தாம என்ன? ஆனா ஸ்டேஷன்ல கத்தறவங்களை எல்லாம் கண்டுக்கிட்டா, நாங்க எப்ப மாமா வேலை பார்க்கறது?"