அடையாளத்துக்கு ஒரு பேட்ஜ்

றோஸி அன்ரியை அடக்கம் செய்துவிட்டு, சேமக்காலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறெடி கால் கழுவவில்லை. மனைவி டெனிஷா வாசலில் வாளித் தண்ணீரோடு நிற்க, அவர் ஈரச் சப்பாத்தோடு நேரே தன் அறைக்குள் போனார். கொட்டாஞ்சேனையின் அந்தப் பழைய வீட்டில் பின்னேரமே இருட்டிவிடும். அன்று மழை வேறு.

மேசை லாச்சியைத் திறந்தார். சிவப்பு எனாமலில் நங்கூரம் பொறித்த சின்ன பேட்ஜ் அங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தின வருடம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த ஒரு சங்கத்தின் பேட்ஜ். அரைவாசி ஆயுளைப் பழைய பேட்ஜ் சேர்ப்பதிலேயே கழித்த பிறெடி, இந்தச் சங்கத்தினுடையதாகக் கண்டது இது ஒன்றைத்தான்.

அது பக்கத்து வீட்டு றோஸி அன்ரியுடையது. அந்த வேலைநிறுத்தத்தில் அடிபட்டுச் செத்த அவருடைய தகப்பனின் சட்டையிலிருந்து கழற்றியது. கண்மூடுவதற்கு முன் அன்ரி பிறெடியைக் கூப்பிட்டுக் கையில் பொத்திக் கொடுத்தார்.

"இதின்ட ஊசி துருப்பிடிச்சுப் போச்சு பிறெடி. திருத்தி, பெட்டி மூட முதல் என்ட நெஞ்சில குத்திவிடுங்கோ. அப்பா போகேக்க எனக்கு மூண்டு வயசு. இப்பிடிக் கிழவியாப் போய் நிண்டா அவருக்கு என்னைத் தெரியுமே? இதைப் பாத்துத்தான் மகளெண்டு கண்டுபிடிப்பார்."

"ஓம் அன்ரி. நான் பாக்கிறன்."

பார்த்தார்தான். அச்சு அசலாக ஒரு போலி செய்வித்து, எல்லோருக்கும் முன்னால் அழுதழுது அதைக் குத்திவிட்டார். செத்தவர் என்ன, உரசியா பார்க்கப் போகிறார்?

இப்போது அசலைக் கையில் வைத்திருக்கவே கூசியது. மேசையில் வைத்தார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நிலக்கரியும் உப்புத் தண்ணீரும் கலந்த வாடை.

முன் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"டெனிஷா, ஆரது?"

"ஒருத்தருமில்லையே... ஆனா படியெல்லாம் கரி. ஆம்பிளைக் கால் தடம்."

தடம் கூடத்தைக் கடந்து வந்தது.

அறை வாசலில் நின்றது.

மேசை மேல் பேட்ஜ் மெல்ல அசைந்தது.

"மகளே?"

இளைஞனின் குரல். அதில் கோபமே இல்லை. அதைத்தான் பிறெடியால் தாங்க முடியவில்லை.

"மகளே... நீயா?"

பேட்ஜைப் பொத்திக்கொண்டு பிறெடி மழைக்குள் ஓடினார். முச்சக்கர வண்டியில் சேமக்காலை வரை அந்தக் கரி வாடை பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. புதுக் கல்லறையின் மண்ணைக் கையால் தோண்டி, பேட்ஜை உள்ளே புதைத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

வாடை அங்கேயே நின்றுவிட்டது. திரும்பும்போது அவர் தனியாகத்தான் வந்தார். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்தமுறை மறக்காமல் கால் கழுவினார்.

டெனிஷா வெளிறிப்போய் நின்றாள். "நீங்க போன கையோட... உள்ள ஆரோ லாச்சியத் திறந்து தேடினது கேட்டது."

பிறெடி அறைக்குள் போனார். ஈர மண்ணும் மெழுகுதிரியும் மணத்தன. திறந்து கிடந்த லாச்சிக்குள், மண் அப்பியபடி, அந்தப் போலி பேட்ஜ்.

காதருகே, பழகிய குரலொன்று நடுங்கியது.

"பிறெடி, அப்பா இஞ்ச வந்தவராமே. எங்க அவர்?"