காது கிழிந்த மண்குதிரை

"ஐயா, எங்கப்பா நோய்ல சாகலை. எங்கண்ணன்தான் ஏதோ பண்ணிட்டான். நாளைக்குப் புதைச்சிட்டா எல்லாம் மறைஞ்சிரும்."

வெள்ளைத் துக்க உடையில் வந்து நின்ற துவான் ரூவை லோயாங் நகர விசாரணை அதிகாரி சியாவ் மாவ் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய தந்தை, பட்டு வணிகர் துவான் ஹெங், திடகாத்திரமான மனிதர். பத்து நாளுக்கு முன் வயிற்றுவலி என்று சுருண்டவர் அன்றே போய்விட்டார்.

உதவியாளன் கோ பிங்கையும் அழைத்துக்கொண்டு அதிகாரி கிளம்பினார். ஒரு மாதமாக விடாத மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. துவான் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். இறந்தவரோடு கல்லறையில் வைக்கவேண்டிய மண்குதிரைகளும் மாட்டுவண்டியும் பச்சையும் பழுப்புமாகப் பளபளத்தன. மகன் துவான் கை பாராட்டுகளைப் புன்னகையோடு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அடேயப்பா! கனைச்சிரும் போலிருக்கே!" கோ பிங் இடுப்புயரக் குதிரையைத் தடவினான். "பெரியவர் ஏறிப்போற குதிரைக்கு இருக்கிற மாதிரியே இடது காதைக் கிழிச்சிருக்கான் குயவன், பாருங்க ஐயா!"

"அவர் இருக்கும்போதே செஞ்சதா?" என்றார் அதிகாரி.

"எங்கே விட்டாரு!" என்றான் துவான் கை. " சாவுன்னு பேச்செடுத்தாலே கிண்ணம் பறக்கும். அவர் கண்ணை மூடின மறுநாள்தான் சூளைக்கு ஓடினேன். அவர் குதிரை மாதிரியே வேணும்னு கறாராச் சொன்னேன்."

அதிகாரி முகம் சுளித்தார்.

"இவ்வளவு பெரிய மண்குதிரை இந்த மழையில காயவே ஒரு மாசமாகும். ஈரத்தோட சுட்டா வெடிச்சிரும். சுட்டு, மெருகு பூசி, மறுபடியும் சுடணும். பத்து நாள்ல எப்படிடா வந்துச்சு? கடையில இருந்ததை வாங்கினேன்னு தப்பிக்கவும் இந்தக் காது விடாது. நல்லா இருந்த மனுஷனுக்கு, அவருக்கே தெரியாம கல்லறைச் சாமான் செய்யச் சொன்னவனுக்கு அவர் சாகப்போறது தெரிஞ்சிருக்கு."

துவான் கை மண்குதிரையைப் பார்த்தான். "அவசரத்துல மட்டமான பொம்மைதான் கிடைக்கும். ஊர் சிரிக்காதா? அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாதுன்னுதான் முன்னாடியே..."

"விஷம் எதுல கலந்தே?"

"ஆட்டு சூப்புல. அவருக்குப் பிடிக்கும்."

கோ பிங் குதிரையைத் தடவிய கையை உடையில் அழுத்தித் துடைத்தான். அழுக்கு போனதாகத் தோன்றவில்லை.

"இந்தப் பொம்மைங்க எதுவும் அப்பாகூடப் போக வேண்டாம்" என்றாள் துவான் ரூ.

மறுநாள் சவப்பெட்டி மட்டும் மாங் மலைக் கல்லறைக்குப் புறப்பட்டது. "பட்டு வித்த வீட்ல ஒரு மண்குதிரைக்கா பஞ்சம்?" என்று தெருவில் ஒருவன் சிரித்தான். துவான் ரூ திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.