லிப்டுக்குள் நத்தார் பாப்பா

ஜெனோஜாவுக்கு நத்தார் பாப்பா, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா, என்றால் பயம்.

கடைத்தெருவில் பெரிய நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பாப்பாவுக்கு அவள் பயப்படமாட்டாள். அந்தப் பாப்பாவுக்கு முகம் இருக்கிறது. அவர் தும்முவார், கொட்டாவி விடுவார். அவள் பயந்தது மாதா கோவில் கரோல் குழுவோடு வீடு வீடாக வரும் பாப்பாவுக்கு.

அவர் முகமூடி போட்டிருப்பார். ரோஜா நிறக் கன்னம், சிரித்த வாய், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுத்த ஓட்டைகள். அவர் பேசவே மாட்டார். பேசினால் யாரென்று தெரிந்துவிடுமாம். மணியை ஆட்டுவார், குதித்துக் குதித்து ஆடுவார், இனிப்புக் கொடுப்பார். ஆனால் அந்தச் சிரித்த வாய் மட்டும் அசையவே அசையாது.

சின்ன வயதில் ஜெனோஜா கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்வாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இந்த வருடம் அவளையும் கரோல் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, "எனக்குப் பாப்பாவைப் பார்த்தால் பயம்" என்று எப்படிச் சொல்வது? அவள் யாருக்கும் சொல்லவில்லை.

டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அவர்கள் குடியேறியிருந்த ஆங்கில ஊரான கோலியர்ஸ் வுட்டின் தெருக்களில் கரோல் குழு பாடிக்கொண்டு நடந்தது. வாயைத் திறந்தால் பாட்டோடு வெள்ளைப் புகையும் வந்தது. கஸ்பர் அங்கிள் கித்தார் வாசித்தார். ஜெனோஜாவின் அம்மா மேரிசாந்தி பாட்டுகளைத் தொடக்கிவைத்தார். ஜெனோஜா மட்டும் மணிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போய்ப் போய் நின்றாள்.

அடுத்தது அவளோடு படிக்கும் துஷ்யாவின் வீடு. அது பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒன்பதாம் மாடியில் இருந்தது. லிப்ட் மிகச் சின்னது. நாலைந்து பேராக ஏறிப் போனார்கள்.

ஜெனோஜா பின்தங்கினாள். பாப்பா முதலில் போகட்டும், நாம் பிறகு போவோம் என்று சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பாப்பாவோ எல்லோரையும், "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று கையால் காட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாக அம்மாவும் கஸ்பர் அங்கிளும் ஏறினார்கள். கித்தார் பெட்டியும் ஏறியது. அதற்கு மேல் இடமில்லை.

பாப்பா படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"படியாலயோ? ஒன்பதாம் மாடிக்கோ?" என்று அம்மா சிரித்தார். "இந்த உடுப்போட ஏறினால் மூச்சு நிண்டு போகும். பாருங்கோ, பிள்ளையும் நிக்கிறாள். அவளைத் தனிய விடாமல் அடுத்த முறை கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அம்மா, நானும்..." என்று ஜெனோஜா ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

கீழே இரண்டு பேர்தான். ஜெனோஜாவும் முகமூடியும்.

லிப்ட் திரும்பி வந்தது. பாப்பா படியைப் பார்த்தார், லிப்டைப் பார்த்தார், ஜெனோஜாவைப் பார்த்தார். பிறகு மெல்ல உள்ளே காலை வைத்தார். ஜெனோஜாவும் ஏறி, கதவோரமாக ஒரு மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். கதவு மூடியது.

கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. ஐந்து. ஆறு. ஏழு. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எட்டு.

ஒன்பது ஒளிரவில்லை.

தடால் என்று ஒரு சத்தம். லிப்ட் குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில், கூரையின் ஒரு மூலையில் மங்கலாக ஒரு சின்ன விளக்கு எரியத் தொடங்கியது.

அந்த மங்கிய வெளிச்சத்தில் முகமூடி அவளைப் பார்த்துச் சிரித்தது.

ஜெனோஜா வாயைத் திறந்தாள். அம்மா என்று கூப்பிட நினைத்தாள். குரல் வரவில்லை.

திடீரென்று பாப்பா கதவை அடிக்கத் தொடங்கினார். டம், டம், டம்! இரண்டு கையாலும் அடித்தார். லிப்ட் முழுவதும் அதிர்ந்தது. கைகள் கதவை அடித்துக்கொண்டே இருந்தன. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. ஜெனோஜா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு அடி நின்றது. வேறொரு சத்தம் கேட்டது. ஹா... ஹா... ஹா... ஓட்டப் பந்தயம் ஓடி முடித்தவர்களுக்கு வருமே, அந்த மாதிரி மூச்சு.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பாப்பா தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். சிவப்புச் சட்டைக்குள் அவருடைய தோள்கள் நடுங்கின.

ஜெனோஜாவுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். கட்டிலுக்குக் கீழே அவளும் அப்படித்தான் நடுங்கியிருக்கிறாள்.

பாப்பாவுக்குப் பயம்!

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது. பெரிய ஆளே பயந்தால் இனி யார் உதவி செய்வது?

சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருந்தது. எம்பி அதை அழுத்திப் பிடித்தாள். சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"லிப்ட் நின்றுவிட்டது. நாங்கள் உள்ளே இருக்கிறோம்" என்று ஜெனோஜாவும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பயப்படாதே, கண்ணு. உன்னோடு யார் இருக்கிறார்கள்?"

"நத்தார் பாப்பா."



"இந்தப் பொத்தான் விளையாடுவதற்கு அல்ல" என்றது குரல். இப்போது அதில் கண்டிப்பு இருந்தது.

"விளையாட்டு இல்லை! அவருக்கு மூச்சு வாங்குகிறது. நீங்களே கேளுங்கள்." ஜெனோஜா தள்ளி நின்றாள். ஹா... ஹா... என்ற சத்தம் லிப்ட் முழுவதும் கேட்டது.

குரல் உடனே மாறியது. லிப்ட் திருத்துகிறவர் இப்போதே புறப்படுகிறார், வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், கதவை இழுக்க வேண்டாம், அவரைப் பார்த்துக்கொள் என்று சொன்னது.

அவரைப் பார்த்துக்கொள்வதா? நானா?

பாப்பா முகமூடியைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. அதன் நாடா பஞ்சுத் தாடிக்குள் சிக்கியிருந்தது. தடித்த கையுறை போட்ட விரல்களும் நடுங்கி நடுங்கி வழுக்கின.

முகமூடியை இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். உள்ளே இருந்த இன்னொருவர் ஜெனோஜாதான்.

அவள் ஓர் அடி வைத்தாள். நின்றாள். இன்னோர் அடி வைத்தாள். அந்தக் கறுத்த ஓட்டைகள் அவளுடைய முகத்துக்கு நேரே வந்தன. இவ்வளவு பக்கத்தில் அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை. உள்ளே இரண்டு கண்கள் இருந்தன. சாதாரணக் கண்கள். ஈரமாக இருந்தன.

அவள் கையை நீட்டித் தாடிக்குள் விரலை விட்டு, நாடாவைத் தேடிப் பிடித்து இழுத்தாள். முகமூடி கழன்றது.

"மாமா! நீங்களோ?"

டூட்டிங் கடைத்தெரு மீன்கடையில் நிற்கிற யேசுரட்ணம் மாமா! அவளுடைய உயரத்துக்கு இருக்கும் பாரை மீனைக்கூட ஒரே போடில் இரண்டாக வெட்டிப்போடுகிறவர். இப்போது அவருடைய முகமெல்லாம் வியர்வை.

"ஓம் பிள்ளை" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"உங்களுக்கு என்ன செய்யுது, மாமா?"

"எனக்குப் பூட்டின இடத்தில நிக்க ஏலாது. முந்தி களவாய் இந்த நாட்டுக்கு வரேக்க எங்களை ஒரு லொறிக்குள்ள வைச்சுப் பூட்டிக் கொண்டுவந்தவங்கள். ஒரே இருட்டு. காத்து இல்லை. அதுக்குப் பிறகு நான் லிப்டில ஏறினதே இல்லை."

"அப்ப இண்டைக்கு ஏன் ஏறினீங்கள்?"

"உன்னைத் தனிய விட ஏலுமோ?"

ஜெனோஜா கையிலிருந்த முகமூடியைத் தரையில் வைத்தாள்.

மாமா மறுபடியும் கதவைப் பார்த்தார். மறுபடியும் மூச்சு வேகமாகியது. "காத்து முடியப் போகுது, பிள்ளை. இதுக்குள்ள காத்து முடியப் போகுது."

அப்படியும் நடக்குமா? காற்று முடிந்துபோனால் என்ன செய்வது?

ஆனால் அவள் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றபோது காதோரம் குளிர்ந்ததே! காதருகே தலைமயிர்கூட ஆடியதே! அவள் கதவருகே போய், இரண்டு கதவும் சேரும் இடத்தில் கையை வைத்தாள். கத்தி போல ஒல்லியாகக் குளிர்காற்று வந்தது.

"மாமா, இஞ்ச வாங்கோ. கையுறையைக் கழட்டிப்போட்டு இதில கையை வையுங்கோ."

மாமா தவழ்ந்து வந்து கையை வைத்தார்.

"குளிருதோ?"

"ஓம்."

"லொறிக்குள்ள இப்பிடிக் காத்து வந்ததோ?"

"இல்லை."

"அப்ப இது லொறி இல்லை, மாமா."

மாமா கையை எடுக்கவில்லை. முகத்தையும் கொண்டுபோய் அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டார். ஹா... ஹா... என்ற சத்தம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நிற்கவில்லை.

காற்றோடு சேர்ந்து வேறொன்றும் உள்ளே வந்தது. பாட்டு! மேலே, துஷ்யாவின் வீட்டு வாசலில், கரோல் தொடங்கிவிட்டது.

ஜெனோஜா தரையில் கிடந்த மணியை எடுத்து முழுப் பலத்தோடு ஆட்டினாள். மேலே பாட்டு ஒரு கணம் நின்றது.

"பாப்பா வாறார்! பாப்பா வாறார்!" என்று பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பாட்டு முன்னையைவிடப் பலமாகத் தொடங்கியது.

"ஐயோ" என்றாள் ஜெனோஜா.

மாமாவுக்கு அந்த நிலையிலும் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

பாட்டு முடியும்வரை அவள் காத்திருந்தாள். முடிந்ததும் இடைவெளியில் வாயை வைத்து, "அம்மா! லிப்ட் நிண்டு போச்சு!" என்று கத்தினாள்.

தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. "ஐயோ, என்ரை பிள்ளை!" அம்மாவின் குரல் தலைக்கு மேலே கேட்டது. அம்மா அழத் தொடங்கினார். அம்மா அழுதால் ஜெனோஜாவுக்கும் அழுகை வந்துவிடும். இப்போதே மூக்கு எரிந்தது. பக்கத்தில் மாமாவும் மறுபடி நடுங்கத் தொடங்கினார்.

"அம்மா, அழாதேங்கோ. திருத்திற ஆள் வாறாராம். நீங்கள் பாடுங்கோ."

"பாடுறதோ? நீ உள்ளுக்குள்ள நிக்கேக்கையோ?"

"ஓம் அம்மா. பாப்பாவுக்கு ஆக்கள் கிட்ட நிக்கினம் எண்டு தெரிய வேணும். நிப்பாட்டாமல் பாடுங்கோ."

பிறகு கஸ்பர் அங்கிளின் கித்தார் மெல்லக் கேட்டது. அம்மா நடுங்கும் குரலில் ஒரு வரி எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெனோஜா மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். மாமா முதலில் வாயை மட்டும் அசைத்தார். பிறகு மூச்சு வந்த இடத்தில் பாடினார், வராத இடத்தில் விட்டார்.

ஒரு முறை லிப்ட் மறுபடி குலுங்கியது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மேலே பாட்டு நிற்கவில்லை. அவர்களும் நிறுத்தவில்லை.

மேலே ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தமும் கேட்டது. என்ன நடந்தது என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஒரு நாய் குரைத்தது. யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். தமிழ் தெரியாத குரல்களும் சொல் இல்லாமல் இராகத்தை மட்டும் முணுமுணுத்தன.

எத்தனை பாட்டு என்று ஜெனோஜா எண்ணவில்லை. கடைசியில் ஓர் ஆணின் குரல், "கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள்!" என்று சொன்னது. லிப்ட் மெல்ல மெல்ல மேலே ஏறியது. கதவு திறந்தது.

ஒன்பதாம் மாடி நடைபாதை முழுவதும் ஆட்கள். இரவு உடுப்போடு ஒரு கிழவர், தலையில் துவாய் சுற்றிய ஒரு பெண், தாயின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையன், எல்லோரையும் முகர்ந்து பார்க்கும் அந்த நாய். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா ஓடி வந்து ஜெனோஜாவைக் கட்டிப்பிடித்த பிடியில் அவளுக்கு மூச்சு முட்டியது.

யேசுரட்ணம் மாமா முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"இனி ஆரெண்டு தெரிஞ்சால் தெரியட்டும், பிள்ளை" என்றார் ஜெனோஜாவிடம்.

துஷ்யாவின் அம்மா சூடான பால்தேநீர் கொண்டுவந்தார். மாமா ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோப்பை குடித்தார்.

"இண்டைக்குப் பாடினது காணும்" என்றார் கஸ்பர் அங்கிள். "எல்லாரும் வீட்டை போவம். படியாலயே இறங்குவம்."

ஒரு சத்தமும் இல்லாமல் படியில் இறங்கினார்கள். எட்டாம் மாடிக் கதவைத் தாண்டும்போது, ஒரு பாட்டி கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பல தலைகள் தெரிந்தன. லிப்ட் ஓடும் வழியாகப் பாட்டு எல்லா மாடிக்கும் கேட்டிருக்கிறது.

"எங்களுக்குப் பாட மாட்டீர்களா?" என்று பாட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

கஸ்பர் அங்கிள் அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா ஜெனோஜாவிடம் குனிந்தார்.

"ஏலுமோ, பிள்ளை?"

"ஏலும் மாமா."

இந்த முறை முதல் வரியை அவளே எடுத்தாள். ஏழாம் மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆறாம் மாடியில் யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். அன்று அவர்கள் கீழே வந்து சேர நெடுநேரம் ஆனது. எட்டாம் மாடியிலிருந்து கீழ்த்தளம் வரைக்கும், பாட்டுக் கேட்காமல் மூடப்பட்ட கதவு ஒன்றுகூட இல்லை.