ரொசாரியோவின் முறை

கரண்ட் போன பிறகும் கப்பலின் இரைச்சல் நிற்கவில்லை.

ஆட்டம் களைகட்ட வேண்டும் என்று நெல்சன்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் விண்கப்பல் இன்ஜின் சத்தத்தை ஓடவிடுவான். இன்றைக்கு அதில் சார்ஜ் இல்லை, ஒயரைச் சொருகியே வைத்திருந்தான். லைட் அணைந்தது, ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது, ஸ்பீக்கரின் நீலப் புள்ளியும் செத்தது. இரைச்சல் மட்டும் மேசைக்கடியில் படுத்துக்கொண்டிருக்கிற மாதிரி, தாழ்ந்த குரலில், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். அதிலிருந்து வரவில்லை. ஹார்பரில் ஏதாவது கப்பலாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஹார்பர் சத்தம் தெரியாதா? இது அதுவும் இல்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

வெளியே புயல் மழை. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே வானம் இருட்டிக் கிடந்தது. மூன்றாவது மாடி, கடல் பார்த்த பால்கனி. மூடிய பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக உப்பும் டீசலும் நாறிய ஈரக் காற்று உள்ளே வந்து மெழுகுவத்திச் சுடரை ஆட்டியது. மேசையைச் சுற்றி அவனைத் தவிர மூன்று பேர். தங்கை ஆன்சி, வியாசர்பாடியிலிருந்து வரும் அறிவு, ஹார்பர் ஏஜென்சியில் வேலை பார்க்கும் அத்தாவுல்லா. நாலாவது நாற்காலி ஃப்ரெடியுடையது, காலி.

இடுப்பில் துப்பாக்கி, காலில் புழுதி, ஓட்டைக் கப்பலில் கள்ளச் சரக்கு என்று ஒரு விண்வெளிக் கௌபாய் தொடர் வந்ததே, அதைப் பார்த்துப் பைத்தியமாகித்தான், வாயாலேயே கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நெல்சன் கதை நடத்துபவன். என்ன கிரகம், யார் சுடுகிறான், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரும். எண்ணூரின் சாம்பல் மேட்டையே கிரகமாக்கிச் சொல்லுவான், கேட்கிறவர்களுக்கு நாக்கெல்லாம் சாம்பல் கரிக்கும். அப்படி ஒரு கெட்டிக்காரன். கெட்டிக்காரனுக்கே உரிய திமிரும் உண்டு. மேசையில் சொன்னால் சொன்னதுதான், திரும்ப எடுக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். போன வாரம் ஃப்ரெடி, “மாமு, வாய் தவறி சொல்ட்டேன், வுட்ரு” என்று கெஞ்சினான். நெல்சன் எல்லோர் முன்னாலும் சிரித்தான், விடவில்லை.

ஃபோனில் ஃப்ரெடியின் மெசேஜ் இருந்தது. ‘எக்ஸ்பிரஸ் ரோட்ல லாரி ஜாம். பைக்கே நகரல. அதுவரிக்கும் ரொசாரியோவ பாத்துக்கோ மச்சான்.’

மச்சானாம், மச்சான்! இத்தனை வருஷமாக மாமு, மாமு என்றவன். ஆன்சியைப் பெண் கேட்டு ஃப்ரெடி வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று அம்மா இன்று காலை பூசைக்குப் போகிற வழியில்தான் சொன்னாள். அறிவுக்குத் தெரியுமாம், அத்தாவுல்லாவுக்கும் தெரியுமாம். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

வராதவனின் பாத்திரத்தைக் கதை நடத்துபவன் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், எங்காவது தூங்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தில் எங்கும் உள்ள வழக்கம். ஃப்ரெடியின் கேப்டன் ரொசாரியோவை நெல்சன் தூங்க வைக்கவில்லை. கப்பலின் வெளிச்சுவரில் ஓட்டை அடைக்க அனுப்பினான்.

“அவன் இல்லாதப்போ அவன் ஆள இன்னாத்துக்குண்ணா வெளிய அனுப்பற?” ஆன்சி முறைத்தாள்.

“கதை அப்டிதான் போவுது.”

மற்றவர்கள் கண்ணில் படாதபடி மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினான். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது, இருப்பதிலேயே நல்ல எண். ரொசாரியோ பிழைத்தான். அந்த எண்ணை நெல்சன் ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

“ஒண்ணு,” என்றான்.

அத்தாவுல்லா “அடப்பாவி” என்று தலையில் கை வைத்தான். நெல்சன் குரலைத் தாழ்த்தினான். மேசைக்கடியில் இரைச்சலும் கூடவே தாழ்ந்தது, கதை கேட்க வந்து உட்கார்ந்த மாதிரி.

“கயிறு அறுந்துபோச்சு. கதவு உள்பக்கம் பூட்டிக்கிச்சு. ரொசாரியோ வெளிய. அங்க காத்து கெடையாது. கத்துறான், சத்தம் வரல. ஒடம்பு வீங்குது, தோலு மேல பனி புடிக்குது. ஆனா சாவல. கதவாண்ட தொங்கிகினே, உள்ள பாத்துகினே கீறான்.”

ருசித்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் வெளியே மழைச் சத்தம் நின்றுபோனது. குறைந்து குறைந்து நிற்கவில்லை, யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

“உன் கோவத்த எங்கிட்ட காட்டுண்ணா. அவன்ட்ட இன்னாத்துக்கு?” ஆன்சியின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஃபோனை எடுத்து ஃப்ரெடியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

ஃபோனுக்குள் அதே இரைச்சல்.

“ஃப்ரெடி, எங்க கீற?”

“வெளியதான்.” குரல் அவனுடையதுதான். ஆனால் வார்த்தைகளுக்கு நடுவில் மூச்சே இல்லை. “கதவத் தொற.”

ஆன்சியின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். மாடிப்படி இருட்டிக் கிடந்தது. டார்ச் அடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை. மேசைமேல் இருந்த ஃபோன் பேசியது.

“இந்தக் கதவு இல்ல ஆன்சி.”

அறை முழுக்க அடங்கியிருந்தது, அந்த இரைச்சலைத் தவிர. நெல்சன் சொன்ன கதையில் ரொசாரியோ எந்தக் கதவருகே தொங்குகிறான் என்று அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் வெளிச்சுவரில் இருக்கிற கதவு ஒன்றுதான். தலையைத் திருப்பாமலேயே பால்கனிப் பக்கத்து இருட்டு கனப்பதை அவன் கழுத்து உணர்ந்தது. வேண்டாம், அங்கே பார்க்காதே.

“டேய், நான் சொன்னது வாணாம்,” என்றான் அவசரமாக. “ரொசாரியோ உள்ளயே கீறான். வெளிய போவவே இல்ல. தூங்கறான். திரும்ப எடுத்துக்கறேன்.”

அறிவு சிரித்தான், கசப்பாக. “சொன்னா சொன்னதுதானே மாமு? போன வாரம் அவன் கெஞ்சுனானே, வுட்டியா நீ?”

“அது பொய்டா! ஒண்ணு வியல. இருபது. நான்தான் பேஜாரு புடிச்சி பொய் சொன்னேன். சத்தியமா இருபது.”

மானம் போனால் போகட்டும், சொல்லிவிட்டான். சொன்னதும் உடம்பு லேசானது. பொய்யாகச் சொன்ன எண் செல்லாது, அதுவும் சட்டம்தான். ஃப்ரெடி இப்போது லாரிகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பான், திட்டட்டும் என்று ஒரு நிமிஷம் மனதார ஆசைப்பட்டான். வரட்டும், ஆன்சியைக் கட்டிக்கொண்டு போகட்டும்.

அத்தாவுல்லா மறைப்பு அட்டையைத் தூக்கிவிட்டு மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுவந்தான். பகடை அதே இடத்தில் கிடந்தது. நெல்சன் அதைத் தொடவே இல்லை.

ஒன்று.

“இன்னும் எத்தினி பொய்டா சொல்லுவ?” என்றான் அத்தாவுல்லா.

டொக்.

பால்கனிக் கதவில்.

டொக். டொக். அவசரமே இல்லாத தட்டல்.

“அடுத்தது ரொசாரியோ முறைதான?” என்றது ஃபோன். “நான் தட்டறேன்.”

ஆன்சி வாசலிலிருந்து பால்கனிப் பக்கம் ஓடி வந்தாள். நெல்சன் பாய்ந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றான். முதுகில் பட்ட மரப்பலகை ஐஸ் கட்டியாக இருந்தது. மூன்றாவது மாடி இது, அந்தப் பக்கம் ஏறி வர ஒரு பிடி கூடக் கிடையாது.

“தொறக்காத. ஆன்சி, உன் கால்ல வியறேன். அது அவன் இல்ல.”

“கதைலயும் அவன வெளிய தள்ளி பூட்டுவ. வூட்லயும் பூட்டுவியா?” அவள் கத்தினாள். “உனுக்கு புடிக்கலன்னா அவன் சாவணுமா? தள்ளு!”

அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். ஆன்சி வலியில் அலறினாள். அதோடு அறிவும் அத்தாவுல்லாவும் அவன்மேல் விழுந்தார்கள். “பொம்பளப் புள்ள மேல கை வைக்கறியாடா கலீஜு!” ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தரையில் அழுத்தினார்கள். கன்னம் தரையில். கண் மட்டும் கதவின்மேல்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது.

மழை இல்லை. கடல் இல்லை. ஹார்பர் விளக்குகள் இல்லை. பால்கனிச் சுவருக்கு அப்பால் கீழும் மேலும் ஒரே கருப்பு. சிமிட்டாத நட்சத்திரங்கள்.

இரைச்சல் நின்றது.

பால்கனி வாசலில் ஃப்ரெடி. அதே மழைக்கோட்டு, அதே பைக் ஹெல்மெட். கால் தரையில் படவில்லை. கோட்டுக்குள் உடம்பு பொம்மிப் புடைத்திருந்தது.

ஆன்சி சிரித்தாள். என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளுடைய கூந்தல் வெளியே பார்த்து மெல்ல நீண்டது. அவனுடைய இரண்டு கைகளையும் ஆசையாக, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நெல்சன் கத்தினான். அவனுக்கே கேட்கவில்லை.

ஃப்ரெடியின் இரண்டு கைகளும் அவள் கைகளுக்குள்தான் இருந்தன. ஹெல்மெட்டின் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படிந்திருந்தது. அந்தப் பனியை, உள்ளே இருந்து, ஒரு விரல் நிதானமாகத் துடைத்தது.