தெர்மோஸ்டாட்டில் கட்டியிருந்த கம்பி

திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி, வித்துரா சந்தையைத் தாண்டிப் பொன்முடிச் சாலையில் நாங்கள் ஏறியபோது மத்தியானம் மூன்று மணி. மழை இல்லை, வெயிலும் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே சாலை ஈரமாகக் கிடந்தது.

மூன்று வாரம் முன்பு வாங்கிய பழைய கார். என்னைக் கண்டால் யாருக்கும் பழைய சாமான் எதையாவது விற்கத் தோன்றும். என் முகவெட்டு அப்படி. பக்கத்தில் மனைவி ராஜஸ்ரீ. பின்சீட்டில் ஆறு வயது ஜானவி.

"சூட்டு முள்ளைப் பாருங்கோ," என்றாள் ராஜஸ்ரீ. "இவ்வளவு தூரம் ஓடியாச்சு. இன்னும் அடியிலேயே கிடக்கு."

"நல்லதுதானே. போன வாரம் பழவங்காடியில நடுரோட்டில கொதிச்சப்போ என்ன பேச்சு பேசினே?"

"பத்தாம் கிளாஸுக்கு ஹீட் பாடம் எடுக்கறவருக்கு, சொந்த வண்டியோட ஹீட் தெரியலைன்னேன். உள்ளதாக்கும்."

உள்ளதுதான். அன்று வண்டியை ஆரியசாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பால்பாண்டியிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் திருநெல்வேலிக்காரர். எஞ்சினின் தலைமாட்டில் இரண்டு போல்ட்டைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் சாமான். எஞ்சின் தண்ணீர் சூடேறும்வரை மூடியிருந்து, சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிற சின்னக் கதவு. அந்தக் கதவு சரியாகத் திறக்க முடியாதபடி யாரோ செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

ஏழு சுற்று.

"எந்தக் கோட்டிக்காரன் பாத்த வேல இது," என்றார் பால்பாண்டி. "வேண்டாம் சார். இந்த ஊருச் சூட்டுக்கு இந்தச் சாமானே வேண்டாம். நான் கழட்டிவிட்ட வண்டி எத்தனையோ ஓடுது."

"அது இல்லாம எஞ்சின் ஓடுமா?"

"சும்மா ஜம்முனு ஓடும். சூடு பிடிக்காது, அம்புட்டுதான்."

சூடு பிடிக்காவிட்டால் எஞ்சினுக்கு நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். பாடமே எடுப்பேன். ஆனாலும் தலையாட்டினேன். பட்டறையில் மெக்கானிக்கை எதிர்த்துப் பேசுமளவு தைரியம் எனக்குக் கிடையாது. இன்று கிளம்பும்போது அந்தக் கம்பியைப் படம் எடுத்து, வண்டியை விற்ற ஜெபசிங்குக்கு அனுப்பினேன். 'உங்கள் வண்டிக்குக் கட்டியிருந்த தாயத்தைக் கழற்றிவிட்டோம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். நகைச்சுவையாம்.

கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முன் கண்ணாடி உள்பக்கமாகப் புகைந்தது. சூட்டுக் காற்றைத் திருப்பினேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஜில்லென்று வந்தது. அதில் ஆற்று மணலும் அழுகிய இலையும் கலந்த வாசனை.

"அப்பா, தணுக்கறது."

"ஷாலைப் போத்திக்கோ கண்ணா."

"போத்திண்டாச்சு."

அப்போது போன் அடித்தது. ஜெபசிங். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாரே, அந்தக் கம்பிய எடுத்தாச்சா?"

"கம்பி என்ன, சாமானையே எடுத்தாச்சு."

"இப்போ வண்டியில எங்க நிக்கேரு?"

"கல்லாறு தாண்டி."

"பின்சீட்டுல ஆரு இருக்கா?"

ராஜஸ்ரீ என்னைப் பார்த்தாள். நான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஜானவி கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் உட்காரும் சீட்டில், இன்னொருவருக்கு இடம் விட்டது போல.

"என் மோள் இருக்கா," என்றேன்.

"போன வருஷம் மழையில கல்லாத்துல இந்த வண்டி எறங்கிப்போச்சு சாரே. என் மோள் ஷிஜா பின்னாலதான் இருந்தா. ரெண்டு மணிக்கூர் வெள்ளத்துல கெடந்தா. தணுத்துத்தான் போனா." குரல் தடுமாறவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த குரல். "அவ இன்னும் எறங்கல. இஞ்சின் சூடா இருந்தா அதுகிட்ட ஒட்டிக் கெடப்பா. ஆரையும் தொடமாட்டா. அதுக்குத்தான் கெட்டி வச்சேன்."

"சூடு இல்லேன்னா?"

"சூடு எங்க இருக்கோ அங்க ஒட்டுவா."

"இதைச் சொல்லாம வித்தீரா?"

"சொன்னா ஆரு வாங்குவா சாரே? எனக்கு அவள வச்சு ஓட்ட முடியல."

லைன் அறுந்தது.

வண்டியை நிறுத்தினேன். ராஜஸ்ரீ பின்கதவைத் திறந்து ஜானவியை வாரி எடுத்தாள்.

"ஏன்னா. தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போலிருந்தது கன்னம். உதடு நாவற்பழ நிறம். வலது மணிக்கட்டில் நான்கு வெள்ளைத் தடங்கள். சின்ன விரல்களின் தடங்கள்.

பின்சீட்டின் வெற்றுப் பாதி நனைந்திருந்தது.

"வண்டியை விட்டுட்டு நடக்கலாம்," என்றாள் ராஜஸ்ரீ. பத்தடி நடந்தோம். ஜானவியின் கண்கள் சொருகின. மணிக்கட்டில் ஐந்தாவது தடம் விழுந்தது.

கூடவே வருகிறது. வண்டிக்கே திரும்பி ஓடினோம்.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை நான் நடத்திய பாடம் எனக்குப் பயன்பட்டது. ரேடியேட்டருக்குக் காற்றை அடைத்தால் தண்ணீர் ஆறாது. தண்ணீர் ஆறாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். டிக்கியில் தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதைக் கிழித்து ரேடியேட்டரின் முகத்தில் செருகினேன். பானட்டைத் திறந்து வைத்தேன். கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ராஜஸ்ரீ குழந்தையை எஞ்சினுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே பிடித்துக்கொண்டாள்.

முள் அசையவில்லை.

மிதித்தேன்.

ஒரு மயிரிழை ஏறியது.

"ஷிஜா," என்றாள் ராஜஸ்ரீ. அதட்டலாக இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "இங்க வா மோளே. இங்க சூடா இருக்கு. இவளை விட்டுடு."

முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. எண்ணெய் கருகும் வாசனை எழுந்தது. இதற்கு மேல் மிதித்தால் எஞ்சின் போய்விடும் என்று தெரிந்தது. போகட்டும். முள் சிவப்புக் கோட்டில் முட்டி நின்றபோது, திறந்த பானட்டுக்குள்ளே ஈரத்துணியைச் சூடான கல்லில் போட்டது போல ஒரு நீண்ட சத்தம்.

பிறகு ஒரு பெருமூச்சு. எஞ்சினுடையது என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

எஞ்சின் குலுங்கி நின்றது. வெள்ளை ஆவி எங்களை மூடியது.

"அம்மா, பசிக்கறது," என்றாள் ஜானவி.

மணிக்கட்டில் தடம் இல்லை. ராஜஸ்ரீ சாலையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் ஏதாவது ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அந்த வழியே வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று எங்களை வித்துராவில் இறக்கிவிட்டது. காரை அங்கேயே விட்டுவிட்டோம். அது ஆறிக்கொண்டிருக்கும். அதை நான் யோசிக்கவில்லை. குழந்தை சூடாக இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

திருவனந்தபுரம் பஸ்ஸில் கூட்டமில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடிய பெட்டி இருக்கும் பழைய பஸ். ஜானவி என் கையை உதறிக்கொண்டு நேரே முன்னால் போய், அந்தப் பெட்டியை ஒட்டிய சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே போய் நின்றேன்.

"இன்னும் தணுக்கறதா கண்ணா?"

"எனக்கில்லே," என்றாள்.

பஸ் கிளம்பியது. எஞ்சின் பெட்டி அதிர்ந்தது. டிரைவர் பாதி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"குட்டிகளே, அதில் கை வெக்கல்லே. பொள்ளும்."

கை வைக்காதீர்கள், சுடும் என்கிறார். மலையாளத்தில் குட்டி என்றால் ஒரு குழந்தை. குட்டிகள் என்றால் ஒன்றுக்கு மேல். மொழி என் பாடம் இல்லை. ஆனாலும் இவ்வளவு தெரியும்.

பஸ்ஸில் வேறு குழந்தை இல்லை.

ஜானவி கையை எடுத்துவிட்டாள். டிரைவர் சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி திரும்பினார். அவளுக்கு வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, உன்னிடமும்தான் சொல்கிறேன் மோளே, என்றார்.