சிவப்புக் கிளிப்

செம்புத் தகடு தேயவே இல்லை.

துடைத்துவிட்டு மறுபடி எடை போட்டாள். காலையில் இருந்த அதே எடை. மின்சாரம் பாயப் பாய, தொட்டியின் நீலக் கரைசலில் தகடு கரைய வேண்டும்; கரைந்த செம்பு, எதிரே தொங்கும் சிலிக்கன் சில்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குச்சிகளாக வரிசை பிடித்து வளர வேண்டும். சில்லின் மேல் பூச்சு ஏறித்தான் இருந்தது. சிவப்பாக அல்ல, சாம்பலாக.

"என்னம்மா, பயிர் வெளைஞ்சுதா?"

தொட்டியருகே அலுமினிய நாற்காலியில் கணவன். லீவு என்று மத்தியானமே அவள் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தான்.

"கண்ணு வைக்காதீங்க. அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷத்துல நான் தாத்தாவே ஆயிடுவேன். உக்காந்ததுலேர்ந்து என்னமோ கிறுகிறுன்னு வருது."

சில்லை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தாள். திரையில் குச்சிகள், நட்ட நாற்றுபோல. என்ன உலோகம் என்று கருவியைக் கேட்டாள்.

இரும்பு.

தொட்டியில் இரும்பே கிடையாது.

அப்போதுதான் தொட்டிப் பக்கமிருந்து மின்சார ரீங்காரம் காதில் உறைத்தது. சில்லும் இல்லாத, தகடும் இல்லாத வெறும் தொட்டி. மின்னோட்டம் காட்டும் மீட்டர் முள் மட்டும் இறங்காமல் நின்றது. தகட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் சிவப்பு வயரைக் கண்ணால் தொடர்ந்தாள். தகட்டைக் கழுவும்போதெல்லாம் அதன் கிளிப்பை நாற்காலிக் கையில் மாட்டிவைப்பது அவள் பழக்கம். இன்று திரும்பத் தகட்டில் மாட்ட மறந்திருந்தாள். கிளிப் நாற்காலியைக் கவ்வியிருந்தது. அதன் மேல் அவன் கை.

பாய்ந்து கிளிப்பைப் பிடுங்கினாள். சுவிட்சை அணைத்தாள். பிளக்கையும் உருவினாள்.

முள் இறங்கவில்லை.

"என்னங்க! எந்திரிங்க!"

அவன் உதடுகள் காகிதமாய் வெளுத்திருந்தன. நகங்களும். ரத்தமே வற்றியதுபோல.

"குளிருதுடி..."

கன்னத்தைத் தட்டினாள். தோளை உலுக்கினாள். ஒரு நீளமான மூச்சு. இடைவெளி. இன்னொன்று, சின்னதாக.

பிறகு இல்லை.

முள் மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. ரீங்காரம் நின்றது.

அவன் தலையை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்தவள் கண்ணில் திரை பட்டது. பொட்டுக் காற்றும் இல்லாத மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் குச்சிகள் எல்லாம் ஒன்றாக உப்பின. ஒன்றாக அமிழ்ந்தன. மறுபடி உப்பின.

நிதானமாக. தூங்குகிறவன் நெஞ்சைப் போல.